கிணற்றுக்காரர்களின் தலைவர் நாராயணசாமி நாயுடு

மேட்டூர் அணை சேலம் ஜில்லாவில் நிற்கிறது. 1934-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் தேங்கும் தண்ணீர், காவிரி வழியே இறங்கித் தஞ்சைத் தரணிக்குப் பாய்கிறது. பாயட்டும், தஞ்சை உழவனும் நம் உழவனே. ஆனால் அணைக்கு அண்டை வீட்டுக்காரனான மேச்சேரி விவசாயிக்கும், ஓமலூர், ராசிபுரம், திருச்செங்கோடு விவசாயிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பூமிக்குள்ளிருந்து வருகிறது. அவனே பாறையை உடைத்து, அவனே கடன் பட்டு, அவனே இறைத்துக்கொள்ள வேண்டும். ஆறு கொடுத்த தண்ணீருக்குச் சர்க்காரில் கணக்கு உண்டு, முறை உண்டு, மதகு திறக்கத் தேதி உண்டு. கிணற்றுத் தண்ணீருக்கு இருந்ததெல்லாம் கரண்டு பில் ஒன்றுதான்.

இந்தக் கிணற்றுக்காரர்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். சி. நாராயணசாமி நாயுடு என்பது அவர் பெயர். மேடைப் பேச்சாளராகவோ, மந்திரியாகவோ, பட்டம் பெற்ற வக்கீலாகவோ அவர் பெயர் எடுக்கவில்லை. மாடு பூட்டி, ஏர் பிடித்து, மோட்டார் ஓட்டிய விவசாயியாகவே பெயர் எடுத்தார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆண்டுதோறும் ஜூலை 5 வந்தால் பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்; அவர் பெயரையும் சொல்கிறார்கள். ஆனால் அவர் எதற்காகப் போராடினார், எதை முடித்தார், எதை முடிக்காமல் விட்டுச் சென்றார் என்பதை இன்றைய இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1925-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் தேதி, கோவைக்கு வடக்கே வையம்பாளையம் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கோவையானாலும் சேலமானாலும் அந்தக் காலத்து மேட்டு நிலத்து வாழ்க்கை ஒன்றுதான். விடிவதற்கு முன்னே கவலை பூட்டுவார்கள். தோல் பறி கிணற்றுக்குள் இறங்கும். மாடுகள் சரிவில் இறங்க இறங்க, பறி மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். மறுபடி மாடுகள் பின்னோக்கி ஏறும். ஒரு நாள் முழுக்க இரண்டு மாடும் ஒரு மனிதனும் உழைத்தால் நனைவது கொஞ்சம் நிலம். மாட்டின் கால் தேய்ந்த தடமே அந்த விவசாயியின் ஜாதகம்.

பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தது. மேட்டூர் மின்சாரம் 1937-ல் வந்தது. அதே 1937-ல் கோவையில் உள்நாட்டு மோட்டார் உருவாயிற்று. கொங்குச் சீமையின் கிணற்று மேட்டில் கவலைத் தடம் புல் முளைத்துப் போக, மோட்டார் கொட்டகை எழுந்தது. மாடு செய்த வேலையை மின்சாரம் செய்தது. அதுவரை சோளமும் கம்பும் விளைந்த இடத்தில் கரும்பும் பருத்தியும் மஞ்சளும் விளைந்தன. நாராயணசாமி நாயுடு வாலிபராக வளர்ந்தது இந்த மாற்றத்தின் நடுவில்தான். கவலையின் கஷ்டத்தையும் கண்டவர், மோட்டாரின் சுகத்தையும் கண்டவர். ஆகவே மின்சாரம் நின்றுபோனால் விவசாயிக்கு என்ன நேரும் என்பதை அவருக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியிலேயே மின்வெட்டை எதிர்த்து விவசாயிகளைக் கூட்டத் தொடங்கினார்.

அறுபதுகள் வந்தன. நாட்டில் உணவுப் பஞ்சம். கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமைக்கு ஜனங்கள் ரேஷன் கடையில் வரிசையில் நின்ற காலம் அது. கிணறு வெட்டுங்கள், மோட்டார் வையுங்கள், புதிய விதை போடுங்கள், உரம் போடுங்கள் என்று சர்க்கார் விவசாயியைத் தூண்டியது. நிலத்தை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தது. விவசாயி நம்பினான், வெட்டினான். கொங்கு மண்ணின் அடியில் இருப்பதோ கருங்கல். வெடி வைத்து, கல்லைச் சுமந்து, முப்பது அடி, ஐம்பது அடி, எண்பது அடி என்று இறங்கினால்தான் ஊற்று. சிலருக்கு அதுவும் இல்லை. தண்ணீர் வராத கிணற்றுக்கும் கடன் மட்டும் வந்துவிடும். தவணை தவறினால் ஜப்தி. பண்ட பாத்திரமும் கதவும் பம்ப்செட்டும் ஜப்திக்காரன் வண்டியில் ஏறும்.

இந்த நிலையில்தான் மின்கட்டணம் ஏறியது. கோவை வட்டாரத்தில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டியிருந்த நாராயணசாமி நாயுடு, 1970-ம் ஆண்டில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்க வேண்டும் என்று போராட்டம் தொடங்கினார். ஒரு பைசாவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று பட்டணத்தார் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கணக்குப் போடவில்லை. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ நாலு யூனிட் ஆகும். பத்து மணி நேரம் ஓடினால் நாற்பது யூனிட். ஒரு பைசா என்பது நாளைக்கு நாற்பது பைசா. ஆண்டில் இருநூறு நாள் இறைத்தால் எண்பது ரூபாய். அந்தக் காலத்து எண்பது ரூபாய்! இரண்டு ஏக்கர்க்காரன் வீட்டில் அது பிள்ளைகளின் துணிமணி, அது வைத்தியச் செலவு, அது விதைக்கடலை.

1970 ஜூன் 19-ம் தேதி திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூரில் போலீசார் சுட்டார்கள். மூன்று விவசாயிகள் விழுந்தார்கள். தமிழ்நாட்டு விவசாயி தண்ணீர் இறைக்கும் உரிமைக்காக இரத்தம் சிந்திய வரலாறு அங்கே தொடங்குகிறது. போராட்டத்தின் முடிவில் கட்டணம் ஒரு பைசா இறங்கியது. மூன்று உயிருக்கு ஒரு பைசா!

இறங்கிய கட்டணம் இறங்கியபடி நிற்கவில்லை. 1972-ல் மறுபடியும் உயர்வு. இம்முறை நாராயணசாமி நாயுடு எடுத்த ஆயுதம் நாடே வியந்த ஆயுதம். ஆயுதம் என்றால் வேறொன்றுமில்லை, மாட்டுவண்டி! அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் கோவை நகரத்துக்குள் ஆயிரக்கணக்கான வண்டிகள் நுழைந்தன. வீதிகளில் வண்டியை நிறுத்தி மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். சாலைகள் அடைபட்டன, நகரம் நின்றது. எந்த ஆபீசுக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு விவசாயி காலமெல்லாம் அலைந்தானோ, அந்த ஆபீசின் வாசலை அவன் வண்டி அடைத்துக்கொண்டது. துப்பாக்கி இல்லை, தடி இல்லை, ஒரு கல் இல்லை. உழைப்பாளி தன் உழைப்புக் கருவியையே போராட்டக் கருவியாக்கிக் காட்டினான். தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுத்தும் தொழிலாளிக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும்.

போராட்டம் கோவையோடு நிற்கவில்லை. சேலம் ஜில்லாவில் அது தீயாகப் பரவியது. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் பெத்தநாயக்கன்பாளையம் இருக்கிறது. வசிஷ்ட நதிக் கரைச் சீமை. பாக்குத் தோப்பும் மரவள்ளியும் விளையும் ஊர்கள். நதி என்று பெயர் இருந்தாலும் ஆண்டில் பெரும்பாகம் மணல்தான். விவசாயம் முழுவதும் கிணற்றை நம்பித்தான். 1972 ஜூலை 5-ம் தேதி அங்கே துப்பாக்கிகள் வெடித்தன. விவசாயிகள் செத்து விழுந்தார்கள். அன்றிலிருந்து ஜூலை 5 உழவர்களின் தியாக தினமாயிற்று.

இறந்தவர்கள் கேட்டது என்ன? மேலோட்டமாகப் பார்த்தால் கரண்டுக்கு விலை குறைப்பு. ஆனால் அடியில் இருந்தது தண்ணீர்ப் பங்கீட்டின் நியாயம். வாய்க்கால் பாயும் நஞ்சைக்காரனுக்குச் சர்க்கார் தன் செலவில் அணை கட்டிக் கொடுக்கிறது, மதகு வைத்துக் கொடுக்கிறது, வாய்க்காலைச் செப்பனிட்டுக் கொடுக்கிறது. அவன் கட்டுவது நிலத் தீர்வை. மேட்டு நிலத்துக்காரன் தானே அணை, தானே மதகு, தானே வாய்க்கால். அவனிடம் மட்டும் சொட்டுக்குச் சொட்டு விலை வாங்குவது என்ன தர்மம்? ரயத்து தன் காசில் வெட்டிய கிணற்றுக்குத் தனித் தீர்வை போடுவதில்லை என்று வெள்ளைக்காரன் சர்க்கார்கூட பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒப்புக்கொண்டது. வெள்ளைக்காரன் போடாத தீர்வை, கரண்டுக் கம்பி வழியாக வருகிறது என்பதே கிணற்றுக்காரர்களின் கோபம்.

சேலம் ஜில்லாக்காரனுக்கு இந்தக் கோபம் இரட்டிப்பு. அணை அவன் ஊரில். அதனால் மூழ்கியதும் அவன் பக்கத்துக் கிராமங்கள். ஆனால் அணை எழுந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான், ஐம்பதுகளில், மேட்டூர் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் வந்தன. இரண்டும் சேர்ந்து பாய்வது 45,000 ஏக்கர். அதில் கிழக்குக் கரைக்கு 27,000 ஏக்கர். மேற்குக் கரைக்கு 18,000. ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர் என்பது விதி. அணையில் நீர் இருந்தால் அந்தத் தேதி. இல்லாவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். வாய்க்காலுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நிலம் இருப்பவனுக்கோ அந்த விதியில் இடமே இல்லை. ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவன் கிணறு வெட்ட வேண்டும். ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் பார்க்கிற பாக்கியமும் கிடையாது.

இந்த நியாயத்தைத்தான் நாராயணசாமி நாயுடு ஊர் ஊராகக் கொண்டு போனார். 1973-ல் தமிழக விவசாயிகள் சங்கம் மாநில அமைப்பாக எழுந்தது. மின்கட்டணத்தோடு கடன் தள்ளுபடி, ஜப்தி நிறுத்தம், விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை என்று கோரிக்கைகள் விரிந்தன. ஆட்சிகள் மாறின, துப்பாக்கியின் குணம் மாறவில்லை. 1978-லும் 1980-லும் மறுபடி விவசாயிகள் சுடப்பட்டார்கள். பலமுறை சிறை சென்றார் நாயுடு. கர்நாடகம், மராட்டியம், பஞ்சாப் என்று பல மாநிலங்களின் விவசாயத் தலைவர்களோடு கைகோத்து, அகில இந்திய அளவில் அமைந்த விவசாயிகள் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்றார். கோவைக் கிராமத்து விவசாயி ஒருவர் இந்திய விவசாயிகளின் தலைவரானார்.

நெடுங்காலம் கட்சிகளை விட்டு விலகியே சங்கத்தை நடத்தியவர், 1982-ல் தாமே கட்சி தொடங்கினார். இந்திய விவசாயிகள் உழைப்பாளர்கள் கட்சி என்று பெயர். சங்கத்தின் பின்னால் அலையலையாக வந்த கூட்டம் ஓட்டுச் சாவடிக்கு அப்படி வரவில்லை. 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்காகக் கோவில்பட்டி சென்றிருந்தபோது, 21-ம் தேதி, அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 59. வாக்குப் பதிவுக்கு மூன்றே நாள் இருந்தது.

அவர் கேட்டது அவர் சாகும் ஆண்டில் பாதி கிடைத்தது. செத்த பிறகு முழுதும் கிடைத்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டது. 1989-ல் அமைந்த ஆட்சியில் அது எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. இன்று தமிழ்நாட்டில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அதன் ஒவ்வொரு கம்பியிலும் பெருமாநல்லூரின் இரத்தமும் பெத்தநாயக்கன்பாளையத்தின் இரத்தமும் ஓடுகின்றன. இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். மத்திய சர்க்காரின் மின்சாரத் திருத்த மசோதாவை எதிர்த்து 2020-21-ல் டில்லி எல்லையில் விவசாயிகள் குளிரில் கிடந்தபோது, அந்தப் போராட்டத்துக்குக் கோவை வீதியில் நின்ற மாட்டுவண்டிகள் முன்னோடி.

தலைவரைப் போற்றுவது கடமை. அவரை அளந்து பார்ப்பதும் கடமை. செங்கொடி இயக்கம் நாயுடுவோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போனதில்லை. கிணறு உள்ளவனின் தலைவர் அவர். கிணறே இல்லாதவன், அந்தக் கிணற்றடியில் கூலிக்கு மடை திருப்புகிறவன், அவனுடைய கேள்விக்கு அந்தச் சங்கத்தில் முதலிடம் கிடைக்கவில்லை. இரண்டு ஏக்கர்க்காரனும் ஐம்பது ஏக்கர்க்காரனும் ஒரே பச்சைத் துண்டின் கீழ் நின்றார்கள். துப்பாக்கிக்கு முன்னால் அந்த ஒற்றுமை பெரிது. ஆனால் தண்ணீர் வற்றத் தொடங்கியபோது அந்த ஒற்றுமை எங்கே போயிற்று?

இங்கேதான் அவர் விட்டுச் சென்ற வேலை நிற்கிறது. தண்ணீரை இறைக்கும் உரிமையை அவர் வென்று கொடுத்தார். அந்தத் தண்ணீர் யாருடையது என்ற கேள்வியை அவர் காலம் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொல்வது இன்றும் 1882-ம் ஆண்டுச் சட்டம். வசதியுரிமைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1843-லும் 1859-லும் இங்கிலாந்து நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகளின் வழி வந்த அந்தச் சட்டப்படி, நிலத்துக்குச் சொந்தக்காரன் தன் எல்லைக்குள் பூமிக்கு அடியில் உள்ள தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துக்காரன் கிணறு வற்றினால் அவன் கோர்ட்டுக்குப் போயும் பயனில்லை. நிலம் இல்லாதவனுக்கு அடிநீரில் பங்கே இல்லை. மழை நனைந்த இங்கிலாந்து மண்ணுக்கு எழுதிய நியாயம், காய்ந்த சேலத்துக் கருங்கல் பூமியை ஆள்கிறது!

விளைவைப் பாருங்கள். இந்தியா முழுவதும் ஓடும் ரிக் வண்டிகளின் தலைநகரம் நாமக்கல் ஜில்லாவின் திருச்செங்கோடு. அந்த ஊர்த் தொழிலாளி ராஜஸ்தானத்திலும் ஆந்திரத்திலும் பாறையைத் துளைக்கிறான். அவன் சொந்த ஊரில் ஆயிரம் அடி துளைத்தும் புழுதி பறக்கிறது. முதலில் திறந்த கிணறு வற்றியது. பிறகு கிணற்றுக்குள் சைடு போர் போட்டார்கள். பிறகு ஐந்நூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று ஆழ்துளை. ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு கூட்டம் விவசாயிகள் பந்தயத்தை விட்டு விலகினார்கள். காசு உள்ளவன் குழாய் ஆழமாக இறங்கும். அவன் மோட்டார் ஓடும்போது பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு தரை தட்டும். மின்சாரம் இருவருக்கும் இலவசம்தான். ஆனால் வற்றிய கிணற்றுக்கு இலவச மின்சாரம் எதற்கு? சேலத்திலும் நாமக்கல்லிலும் பல பிர்காக்கள், மழை ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படும் பகுதிகள் என்று சர்க்கார் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

சட்டம் செய்யும் முயற்சி நடக்காமல் இல்லை. நாயுடு ஒரு பைசாவுக்காகப் போராடிய அதே 1970-ம் ஆண்டில்தான் மத்திய சர்க்கார் நிலத்தடி நீர் மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. தமிழ்நாடு 2003-ல் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலேயே கிடந்து 2013-ல் ரத்தாயிற்று. அந்தச் சட்டத்தை விவசாயிகள் சந்தேகத்தோடு பார்த்தது நியாயமே. பதிவு, அனுமதி என்று வந்தால் முதலில் மாட்டுவது சிறு விவசாயி, கடைசியில் தப்புவது தண்ணீரை லாரியில் விற்கிறவன் என்பது அவர்களின் அனுபவ ஞானம். ஆனால் சட்டமே இல்லாத வெற்றிடமும் அந்தத் தண்ணீர் வியாபாரிக்குத்தான் சாதகம்.

அடிநீரைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரி 16-ம் தேதி காவிரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் என்ன செய்தது? தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் வர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்க்கலாம் என்பது. நம் பங்கைக் குறைக்க வேண்டுமானால் அடிநீர் பொதுச் சொத்து; நமக்குள் பங்கிட வேண்டுமானால் மட்டும் அது தனிச் சொத்தா?

மேட்டூர் உபரி நீரைக் குழாயில் ஏற்றிச் சேலம் ஜில்லாவின் 100 ஏரிகளை நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அதன் முதல் பகுதி 2021 பிப்ரவரியில் தொடங்கியது. டெல்டா விவசாயிகள் சிலர் தங்கள் பங்கு குறையும் என்று அஞ்சினார்கள்; சேலத்து விவசாயிகள் தாமதமாக வந்த நியாயம் என்றார்கள். ஏரி நிறைந்தால் சுற்றிலும் கிணறு ஊறும் என்பது உண்மை. ஆனால் ஏரியில் பொதுப்பணத்தால் ஏற்றிய நீர் பூமிக்குள் இறங்கியதும், ஆழமான குழாய் உள்ளவனின் சொந்த நீர் ஆகிவிடுகிறதே! இதற்கு விதி உண்டா? இல்லை.

அந்த விதியைக் கேட்பதுதான் இன்றைய போராட்டம். அடிநீர் ஊர்ப் பொதுச் சொத்து என்று சட்டம் சொல்ல வேண்டும். குடிநீருக்கு முதல் பங்கு, சிறு குறு விவசாயிக்கு அடுத்த பங்கு, வியாபாரத்துக்குக் கடைசிப் பங்கு என்று வரிசை எழுதப்பட வேண்டும். அளவை நிர்ணயிப்பது ஆபீசரின் பேனாவாக இருக்கக்கூடாது. நிலம் உள்ளவனும் இல்லாதவனும் சமமாக உட்காரும் கிராம சபையாக இருக்க வேண்டும். அதோடு இலவச மின்சாரத்தில் கை வைக்க யாரையும் விடக்கூடாது. தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சாக்காக வைத்து மீட்டர் மாட்ட வருகிறவன், ஆழத்தில் திருடுகிறவனை விட்டுவிட்டு மேலே நிற்கும் ஏழையைத்தான் பிடிப்பான்.

கவலை ஓட்டிய தலைமுறையில் பிறந்த நாராயணசாமி நாயுடு மாட்டுவண்டியைக் கொண்டு நகரத்தை நிறுத்தினார். மின்சாரத்தைக் கிணற்று மேட்டுக்கு வென்று கொடுத்தார். அவருக்குச் செலுத்தும் அஞ்சலி மாலையோடு முடிந்துவிடக் கூடாது. பெத்தநாயக்கன்பாளையத்தில் விழுந்தவர்கள் நீருக்காக விழுந்தார்கள். அந்த நீர் எல்லோருக்கும் கிடைக்கும் வரை அவர்கள் கணக்கு தீரவில்லை. தோழர்களே, இந்த ஜூலை 5-க்கு முன்பாக உங்கள் ஊரில் எத்தனை கிணறு வற்றியது, யார் குழாய் எத்தனை அடி இறங்கியது என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு கிராம சபைக்குப் போங்கள். போராட்டம் அங்கே தொடங்கட்டும்.